சொட்டணும், ஆனா உள்ளே விடக்கூடாது

போன மார்ச்சில் ஒரு நாள் காலையில் பல் தேய்த்துவிட்டு வாஷ்பேசினில் துப்பினால் நுரை இளஞ்சிவப்பாக இருந்தது. எங்கேயிருந்து வருகிறது என்று நாக்கால் துழாவிப் பார்த்தேன். கீழே வலது கடைவாயில், ஆறு மாதத்துக்கு முன்னால் 32,000 ரூபாய் எண்ணி வைத்துப் போட்டுக்கொண்ட இம்பிளான்ட் பல்லைச் சுற்றித்தான். தாடை எலும்புக்குள் டைட்டானிய ஸ்க்ரூ இறக்கி, அதன் மேல் கேப் என்ற செயற்கைப் பல்லை மாட்டுவார்களே, அது. வலி இல்லை, பல்லும் ஆடவில்லை, ஆனாலும் அவ்வளவு காசு போட்ட இடத்திலிருந்து ரத்தம் வந்தால் வயிற்றைக் கலக்கத்தானே செய்யும். அன்றைக்கு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நேரே தண்டையார்பேட்டை கிளினிக்குக்குப் போய்விட்டேன்.

டாக்டரம்மாவுக்கு என்னைவிட பத்து வயதாவது குறைவாக இருக்கும். "பிரஷ் பண்றீங்களா சார்?" என்று கேட்டார். பண்றேன்மா என்றேன். "இந்தப் பல்லை?" என்றார்.

மாட்டிக்கொண்டேன். அந்தப் பல் பக்கம் பிரஷ் போனாலே கை தானாக ஒதுங்கிவிடும். புதுசு, உள்ளே ஸ்க்ரூ இருக்கிறது, அழுத்தித் தேய்த்தால் லூஸாகிவிடும் என்று நானே ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். கல்யாணப் பட்டுப்புடவையை பீரோவை விட்டே எடுக்காத மாதிரி அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். கேப்பும் ஈறும் சேரும் விளிம்பில் இட்லி மாவைத் தடவியது போல வெள்ளையாக ஒரு படலம், அதை ஒட்டி ஈறு சிவந்து உப்பியிருந்தது.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எலும்பு இருந்த இடத்தில்தான் இருந்தது. "எலும்பு கெட்டியா பிடிச்சிருக்கு சார். ஈறுதான் கோவமா இருக்கு" என்றார். அப்போதுதான் கேட்டேன், எலும்பு ஒட்டிக்கொண்ட மாதிரி ஈறும் இந்நேரம் பல்லோடு ஒட்டிக்கொண்டிருக்காதா என்று. "ஒட்டிக்கும்னு சொன்னா அது பாதி உண்மை சார்" என்று சொல்லிவிட்டு கிளவுஸ் மாட்டப் போய்விட்டார்.

அந்தப் பாதி உண்மை என்னை விடவில்லை. அன்று சுத்தம் செய்துகொண்டு வந்ததிலிருந்து இரண்டு மூன்று வாரம் ராத்திரியில் உட்கார்ந்து படித்தேன், அடுத்தடுத்துப் போனபோதெல்லாம் அவரை நச்சரித்தேன். அதில் எனக்குப் புரிந்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் காசிமேட்டுக்குப் போக வேண்டும். என் சித்தப்பா விசைப்படகுகளுக்கு டீசல் இன்ஜின் பார்க்கும் மெக்கானிக். சின்ன வயதில் லீவு நாட்களில் அவரோடு போய் ஹார்பரில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும் புரியவே புரியாது. இன்ஜின் படகுக்குள்ளே இருக்கிறது, விசிறி தண்ணீருக்குள்ளே இருக்கிறது, நடுவில் ஒரு இரும்பு ஷாஃப்ட் படகின் அடிப்பக்கத்தைத் துளைத்துக்கொண்டு போகிறது. அப்படியானால் அந்த ஓட்டை வழியாகக் கடல் ஏன் உள்ளே வரவில்லை? சித்தப்பா பலகையைத் தூக்கிக் காட்டினார். ஷாஃப்ட்டைச் சுற்றி கிரீஸில் ஊறிய பின்னல் கயிற்றை வளையம் வளையமாகத் திணித்து, மேலே ஒரு மூடியை நட்டு போட்டு இறுக்கியிருந்தது. கிளாண்ட் என்பார்கள். நான் குனிந்து பார்த்தபோது அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "சித்தப்பா, ஒழுகுது!" என்று கத்தினேன். "ஒழுகணும்டா. சொட்டு சொட்டா ஒழுகலைன்னாதான் ஷாஃப்ட்டு சூடாயி கயிறு கருகிடும்" என்றார். முப்பது வருஷம் கழித்து வாயில் ரத்தம் வந்தபோதுதான் இது மறுபடி ஞாபகத்துக்கு வந்தது.

நம் உடம்பை ஒரு மூடிய பை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே தோல், வாய்க்குள்ளும் குடலுக்குள்ளும் அதன் உறவுக்காரப் படலங்கள், எங்கேயும் கிழிசல் இல்லை. முடியும் நகமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றனவே என்றால், அவை தோலிலிருந்தே முளைப்பவை, தோலைத் துளைத்து வருபவை கிடையாது. ஒரு கால் எலும்பிலும் தலை வெளியிலுமாக அந்தப் பையைத் துளைத்துக்கொண்டு நிற்பது பல் ஒன்றுதான். நிற்பதும் எங்கே? கிருமி கோடிக்கணக்கில் குடியிருக்கும் வாயில். படகின் அடியில் ஷாஃப்ட் நுழையும் ஓட்டை மாதிரியான இடம். அங்கே கிளாண்ட் வேலையைச் செய்வது ஈறு.

இயற்கைப் பல்லில் இந்த ஏற்பாடு எவ்வளவு சின்ன இடத்தில் நடக்கிறது என்று பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மேலே ஒரு குட்டி வாய்க்கால் இருக்கும். அதன் அடியில் ஈறின் மேல்படலம் பல்லின் மேல் நேரடியாக ஒட்டிக்கொண்டிருக்கும். பசை போட்டு ஒட்டிய மாதிரி இல்லாமல், ஒவ்வொரு செல்லும் நுண்ணிய பிரஸ் பட்டன்களால் பல்லைப் பிடித்திருக்குமாம். ஹெமிடெஸ்மோசோம் என்று பெயர். அந்தப் பட்டனுக்கும் பல்லுக்கும் நடுவே லாமினின் என்ற புரதம் கலந்த ஒரு மெல்லிய பூச்சு. அதற்கும் கீழே கொலாஜன் நார்கள். இவற்றின் நுனிகள் வேரின் மேலிருக்கும் சிமென்டம் என்ற பூச்சுக்குள்ளேயே புதைந்திருக்கும். சிமென்ட் ஈரமாக இருக்கும்போதே கயிற்றின் நுனியை உள்ளே விட்டுக் காயவைத்தால் எப்படிப் பிடிக்குமோ அப்படி. 1961ல் சடலங்களின் தாடைகளில் அளந்து எழுதியிருக்கிறார்கள்: பட்டன் பகுதி சராசரியாக 0.97 மில்லிமீட்டர், நார்ப் பகுதி 1.07. மொத்தம் இரண்டு மில்லிமீட்டர்தான் நம் எலும்புக்கும் வாய்க்கும் நடுவே நிற்கும் காவல்.

இம்பிளான்ட்டில் இந்த நார்ப் பகுதியில்தான் இடிக்கிறது.

டைட்டானியத்தை எலும்பு ஏற்றுக்கொள்ளும் என்பது ஸ்வீடனில் தெரிந்த கதை. 1952ல் பிரோனமார்க் என்ற மருத்துவர் முயலின் காலெலும்பில் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக ஒரு டைட்டானியக் கூட்டைப் பொருத்தினார். வேலை முடிந்து கழற்றப் போனால் வரவில்லை, எலும்பு அதோடு ஒன்றிப்போயிருந்தது. 1965ல் கொத்தன்பர்க் நகரத்தில் யோஸ்டா லார்சன் என்பவருக்கு முதல் முதலாகப் பல்லுக்காக டைட்டானிய ஸ்க்ரூ வைத்தார். அவர் 2006ல் இறக்கும்வரை, நாற்பது வருஷம், அவை அவர் வாயிலேயே இருந்தன. இந்தக் கதையைச் சொல்லித்தான் எல்லா கிளினிக்கிலும் நமக்கு நம்பிக்கை கொடுக்கிறார்கள், அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் எலும்பு பிடித்ததைப் பற்றிப் பேசும் வேகத்தில் ஈறைப் பற்றி யாரும் நாலு வார்த்தை சொல்வதில்லை என்பது என் குறை. நான் கேட்டு வைக்கவில்லை என்பதும் உண்மைதான்.

டைட்டானியத்தின் மேல் சிமென்டம் கிடையாது. அதனால் நாருக்கு நுனியைப் புதைக்க இடமில்லை. அது என்ன செய்கிறது என்றால், எலும்பின் விளிம்பிலிருந்து கிளம்பி உலோகத்துக்கு இணையாக மேலே ஓடுகிறது, கொஞ்சம் சுற்றி வளைத்தும் ஓடுகிறது. பம்பரத்துக்குச் சாட்டை சுற்றியிருப்போமே, கிட்டத்தட்ட அதுதான். சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கும், பம்பரத்துக்குள்ளே எங்கேயும் நுழைந்திருக்காது. நாய்களில் செய்த ஆய்வுகளில் இந்த இடத்துத் திசுவை வெட்டிப் பார்த்தவர்கள், அது ஆறிய தழும்பு மாதிரி இருக்கிறது என்றார்கள்: கொலாஜன் அதிகம், செல்லும் ரத்தக்குழாயும் குறைவு. இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றி ஒரு மெல்லிய மெத்தை இருக்கும், அதிலிருந்தும் ஈறுக்கு ரத்தம் வரும். இம்பிளான்ட்டுக்கு அந்த மெத்தையே இல்லை. ரத்தம் குறைந்தால் காவலுக்கு ஆள் வருவதும் குறைவுதானே.

மேல்படலத்தின் பிரஸ் பட்டன் மட்டும் டைட்டானியத்தின் மேலும் உருவாகிறது. அதுதான் டாக்டரம்மா சொன்ன பாதி உண்மை. ஆனால் எலிகளில் பார்த்தபோது, அந்தப் பிடிப்பு படலத்தின் கீழ்ப்பகுதியில்தான் சரியாக இருந்தது, மேலே வெறுமனே பக்கத்தில் சாய்ந்து நிற்கிறது. படலம் சுமார் இரண்டு மில்லிமீட்டர், அதன் கீழே தழும்புத் திசு ஒன்று முதல் ஒன்றரை. ஆக மொத்தம் மூன்று, நான்கு மில்லிமீட்டர். இயற்கைப் பல்லைவிட உயரம் ஜாஸ்தி, பிடி குறைச்சல்.

மேல்படலம் அப்படியே கீழே வளர்ந்துகொண்டே போனால் என்ன ஆகும் என்று கேட்டால், அம்மாவின் காதைப் பார்த்தால் போதும். காது குத்தும்போது புண்ணாகிறது. கொஞ்ச நாளில் இரண்டு பக்கத்திலிருந்தும் தோல் உள்ளே ஊர்ந்து வந்து சந்தித்து, ஓட்டையின் உள்சுவரையே தோலாக்கிவிடுகிறது. தோடு ஒரு பக்கம், தோல் ஒரு பக்கம், நடுவே இடைவெளி. அதனால்தான் தோட்டைக் கழற்றினால் ஒரு மாதிரி அழுக்கு வாசம். காதில் அது பரவாயில்லை, மறுபக்கமும் வெளிக்காற்றுதான். தாடையில் மறுபக்கம் எலும்பு. அங்கே படலம் கீழே ஊர்ந்து போகாமல் தடுத்து நிறுத்துவது அந்தத் தழும்பு வளையம்தான். நார் உள்ளே நுழையவில்லை என்று அதைக் குறைத்துப் பேசிவிட்டேன், அது இல்லாவிட்டால் இம்பிளான்ட்டும் தோடு கதைதான்.

இப்போது சொட்டுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஈறின் அந்த மூடி தண்ணீர் புகாத மூடி இல்லை. பல்லை ஒட்டிய படலத்தில் செல்களுக்கு நடுவே இடைவெளி கொஞ்சம் அதிகமாகவே இருக்கும், அதன் வழியாக ரத்தத்திலிருந்து ஒரு திரவம் ஓயாமல் கசிந்துகொண்டிருக்கும். அதில் கிருமியை எதிர்க்கும் புரதங்கள் இருக்கும், வெள்ளை அணுக்களும் அந்தச் சந்துகள் வழியே வெளியே வந்து காவல் நிற்கும். படலத்தின் செல்களும் சில நாட்களுக்கொரு முறை உதிர்ந்து புதிதாகும், உதிரும்போது மேலே ஒட்டியிருந்த கிருமியையும் சேர்த்துக்கொண்டு போகும். இம்பிளான்ட்டைச் சுற்றியும் இதே கசிவு இருக்கிறது. படகில் கடல் உள்ளே சொட்டுகிறது, வாயில் உடம்பு வெளியே சொட்டுகிறது, திசைதான் வேறு. இத்தனை நாளும் அடைப்பு என்றால் இறுக மூடுவது என்றே நினைத்திருந்தேன்.

சரி, நான் தேய்க்காமல் விட்டதால் என்ன ஆனது? அந்த வெள்ளைப் படலம் வெறும் சாப்பாட்டு மிச்சம் இல்லை, கிருமிகள் தங்களுக்குள் பசை சுரந்து கட்டிக்கொண்ட குடியிருப்பு. அது தடிக்கத் தடிக்க ஈறு ஆட்களைக் கூடுதலாக அனுப்புகிறது, வீங்குகிறது, தொட்டால் ரத்தம் வருகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால் நார்களைக் கரைப்பதில் பெரும்பங்கு கிருமியுடையது இல்லை, அதோடு சண்டை போட வந்த நம் செல்கள் விடும் நொதிகளுடையது. கிருமியை அடிக்கப் போய் நம் சுவரையே இடிக்கிறோம். சுவர் தளர்ந்தால் பள்ளம் ஆழமாகும், அடியில் காற்று எட்டாது, காற்று ஆகாத கிருமிகளுக்கு அது வசதி. போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் என்று வாயில் நுழையாத பெயருள்ள ஒன்று வாயில்தான் நுழைந்து உட்கார்ந்துகொள்கிறது, புரதத்தைத் தின்றே வாழ்கிறது.

இயற்கைப் பல்லில் இந்தச் சண்டை நடக்கும்போது, சண்டைக்கும் எலும்புக்கும் நடுவே நல்ல நார்த்திசு கொஞ்சம் மிஞ்சி மதில் மாதிரி நிற்கும். இம்பிளான்ட்டில் பல சமயம் அந்த மதில் இருக்காது, அழற்சி நேரே எலும்பைத் தொட்டுவிடும். அதனால்தான் இங்கே கெட ஆரம்பித்தால் வேகமாகக் கெடும். ஈறு மட்டும் வீங்கியிருக்கும் நிலைக்கு மியூகோசைட்டிஸ் என்று பெயர், அதிலிருந்து திரும்பி வரலாம். எலும்பும் கரைய ஆரம்பித்தால் அது பெரி இம்பிளான்டைட்டிஸ், போன எலும்பு தானாகத் திரும்பாது. நான் முதலாவதில் நின்றிருந்தேன். எவ்வளவு நாளில் இரண்டாவதுக்குப் போயிருப்பேன் என்று கேட்டதற்கு டாக்டரம்மா பதில் சொல்லாமல் சிரித்தார், எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

படித்த பிறகுதான் அவர் முன்பு செய்த சில காரியங்களுக்கு அர்த்தம் தெரிந்தது. கேப் போடுவதற்கு முன்னால் ஈறுக்கு மேலே குட்டியாக ஒரு உலோக மூடியை வைத்து, வாரக்கணக்கில் காக்க வைத்தார். நான் இழுத்தடிக்கிறார்கள் என்று நினைத்தேன். ஈறு அதைச் சுற்றி முதிர்ந்து ஒரு வளையமாக உட்கார ஆறு முதல் எட்டு வாரம் ஆகுமாம். அதைச் சும்மா சும்மா கழற்றி மாட்டினால் ஒவ்வொரு தடவையும் அந்தப் பிடிப்பு கிழிந்து, இன்னும் கொஞ்சம் கீழே போய் ஆறுகிறது என்று நாய்களில் பார்த்திருக்கிறார்கள். ஈறு தொடும் கழுத்துப் பகுதியை வழவழப்பாக வைப்பதும் காரணமாகத்தான்: எலும்புக்குள் போகும் பகுதி சொரசொரப்பாக இருந்தால் நல்லது, ஈறுப் பகுதி அப்படி இருந்தால் கிருமிக்கு மடி கிடைத்த மாதிரி. கேப்பை சிமென்ட் போட்டு ஒட்டினால் மிச்ச சிமென்ட் ஈறுக்கடியில் தங்கி வம்பு பண்ணும் அபாயமும் உண்டு. என்னுடையது ஸ்க்ரூ போட்டு முடுக்கிய கேப், அந்தக் கவலை இல்லை. சிலருக்கு பல்லைச் சுற்றிக் கெட்டியான வெளிர் ஈறு போதாமல், கன்னம் அசையும்போதெல்லாம் இழுபடும் மெல்லிய சதைதான் இருக்கும். இரண்டு மில்லிமீட்டராவது கெட்டி ஈறு இருந்தால் தேய்க்க வலிக்காது என்பதால், அண்ணத்திலிருந்து கொஞ்சம் எடுத்து வைத்துத் தைப்பதும் உண்டாம். கேட்கவே கூசியது, நல்லவேளை எனக்குத் தேவைப்படவில்லை.

இப்போது ராத்திரி பத்து நிமிஷம் அந்த ஒரு பல்லுக்கே போகிறது. மென்மையான பிரஷ்ஷை ஈறு விளிம்பில் சாய்த்து வைத்துத் தேய்க்கிறேன். பக்கத்துச் சந்துக்குப் பாட்டில் கழுவும் பிரஷ்ஷைப் பொம்மைக்குச் செய்த மாதிரி ஒரு குட்டி பிரஷ், நடுக்கம்பிக்கு பிளாஸ்டிக் உறை போட்டது. வெறும் கம்பி டைட்டானியத்தைக் கீறும், கீறலில் கிருமி குடியேறும். பல்குச்சி கூடாது. ஊக்கு கூடவே கூடாது. இதை எழுதக் காரணம், பீச் பக்கம் அத்தோ சாப்பிட்டுவிட்டு வந்த ஒரு ராத்திரி முட்டைகோஸ் இழை ஒன்று அந்தச் சந்தில் சிக்கிக்கொண்டது, பெரியம்மா பாசமாகத் தாலிச் செயினிலிருந்து ஊக்கைக் கழற்றி நீட்டினார். வாங்கவில்லை, கோபித்துக்கொண்டார். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் இதமாக இருக்கிறது, ஆனால் அந்தக் குடியிருப்பு கொப்பளித்துப் போகாது, தேய்த்தால்தான் போகும். பீடி சிகரெட் பிடிப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் இந்தச் சண்டையில் ஈறு சீக்கிரம் தோற்கும். இதைப் படிக்கும் என் வியாசர்பாடி நண்பனுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரியும்.

மே மாதம் திரும்பப் போனேன். ஒரு மெல்லிய அளவுக்குச்சியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டுச் சுற்றிலும் ஆறு இடத்தில் தொட்டுப் பார்த்தார். இருபத்தைந்து கிராம் எடைக்கு மேல் அழுத்தக்கூடாதாம், வீங்கிய ஈறில் அழுத்தினால் குச்சி எலும்பு வரைக்கும் போய்விடும். "சொல்லுங்கம்மா" என்றேன். "ரத்தம் இல்லை" என்றார், குச்சியைக் காட்டினார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்.

அங்கிருந்து காசிமேடு பக்கம்தான், அப்படியே ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். தடைக்காலம், ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகாது, அதனால் ஹார்பரில் எங்கே பார்த்தாலும் ரிப்பேர் வேலை. சித்தப்பா கரையேற்றிய ஒரு படகுக்குள் குப்புறப் படுத்து, கிளாண்டிலிருந்து பழைய கயிற்றைக் கொக்கியால் பிடுங்கிக்கொண்டிருந்தார். கருகிப் போயிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து என் பல் கதையை முழுசாகச் சொன்னேன், ஷாஃப்ட், கயிறு, சொட்டு எல்லாவற்றோடும். கேட்டுக்கொண்டே புதுக் கயிற்றை அளந்து வெட்டினார்.

"அப்ப இந்த கேசு மாதிரியேதான்னு சொல்லு. மெயின்டனன்ஸ் பாக்கலைன்னா கயிறு போயிடும்."

"ஆமா சித்தப்பா. ஆனா இதுல கயிறு மாத்த முடியாது."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கிரீஸ் கையோடு உதட்டை இழுத்துக் கீழ்ப்பல் ஒன்றை ஆட்டிக் காட்டினார். நன்றாகவே ஆடியது.

"அந்த டாக்டரம்மா ஞாயித்துக்கெழமல இருக்குமாடா?"